ஆரஞ்சு வெளிச்சத்துக்கு 400 வெள்ளி

படம் எப்போதும் ஒன்றுதான். மேசையில் ஒரு கவிதைத் தொகுப்பு, கண்ணாடிக் குவளையில் கோப்பி ஓ, பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியின் தலையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழல்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் என்று கெடாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதுகிற, படிக்கிற இளைஞர்கள் இந்தப் படத்தைப் போடுகிறார்கள். வால்வு ஹெட்போன் ஆம்ப். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: தாத்தா காலத்து ஒலி. அல்லது, தோட்டத்து ரேடியோவின் வெதுவெதுப்பு.

ஆம்ப் வாங்குவது அவரவர் காசு. எனக்குச் சண்டை அந்தக் கீழ்வரியோடுதான். அது பொய். பொய்யை நம்பி 400 வெள்ளி கொடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயம். அந்தப் பொய்யை வைத்தே நாளைக்கு ஒரு சிறுகதையும் எழுதுவார்கள் என்பதுதான் என் கவலை.

தாத்தா என்றால் யாருடைய தாத்தா? கெடாவின் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிய தாத்தாவா? காலையில் பிரட்டுக்களத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டு வருகை போட்ட கிராணியா? இல்லை, மேட்டுப் பங்களாவில் குடியிருந்த துரையா? இந்த மூன்று பேரும் ஒரே ரேடியோவைக் கேட்கவில்லை.

வால்வு ரேடியோ என்பது நாள் முழுக்க மின்சாரம் இருந்த வீட்டின் பொருள். ஐந்து வால்வுள்ள மேசை ரேடியோ நாற்பது ஐம்பது வாட் இழுக்கும். அதில் ஒரு நல்ல பங்கு, வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்குவதற்கே போய்விடும். இழை சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும், எலக்ட்ரான் கிளம்பினால்தான் வால்வு வேலை செய்யும். 1904இல் லண்டனில் ஃபிளெமிங் செய்த முதல் வால்வும், 1906இல் அமெரிக்காவில் டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவது கம்பியை நுழைத்துச் செய்த வால்வும், உங்கள் மேசையில் கனலும் குழலும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிகள். லயன் வீட்டில் என்ன இருந்தது? மண்ணெண்ணெய் விளக்கு. ஜெனரேட்டர் வந்த தோட்டங்களில் பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம் மின்சாரம், பிறகு இருட்டு. அந்தச் சில மணி நேரமும் விளக்கு எரியத்தான். அதோடு ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. நாள்கூலிக்காரன் முதலில் ரேடியோ வாங்கி, அதற்கு மின்சாரம் தேடி, லைசென்ஸும் கட்டி எம்.கே.டி. பாட்டைக் கேட்டான் என்று நினைப்பதற்குத் தோட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் வால்வு ரேடியோ இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1949இல் ஆப்பிரிக்காவின் வடக்கு ரொடீசியாவில் (இன்றைய ஸாம்பியா) ஏழைகளுக்கென்றே ஒரு வால்வு ரேடியோவைச் செய்து விற்றார்கள். அலுமினியச் சட்டி போல வட்டமாக இருந்ததால் அதற்குச் ‘சாஸ்பேன் ஸ்பெஷல்’ என்றே பெயர். விலை 5 பவுண்டு. பேட்டரி தனியாக 25 ஷில்லிங், அதாவது ரேடியோவின் விலையில் நாலில் ஒரு பங்கு. அது சில நூறு மணி நேரத்தில் தீர்ந்துபோகும், மறுபடியும் 25 ஷில்லிங். ஏழைகளுக்காக யோசித்துச் செய்ததற்கே இந்தக் கதி. வால்வுக்குச் சோறு போடுவது யானைக்குச் சோறு போடுகிற மாதிரி.

அப்படியென்றால் தோட்டத்துச் சனம் வால்வு ஒலியைக் கேட்டதே இல்லையா? கேட்டார்கள். எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1946இல் மலாயா வானொலி தொடங்கியது. 1948இல் அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்டுகளின் பக்கம் சனம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது ரேடியோக்களை வைத்தது. கூட்டமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அரசாங்கம் சொல்ல நினைத்ததைச் சொல்லும், இடையில் பாட்டும் போடும். அரசாங்கத்தின் வண்டி வந்து திடலில் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளில் அந்த புரொஜெக்டரின் ஒலிப்பெட்டிக்குள் வால்வு இருந்தது. கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு வந்த மைக்செட்டில் இருந்தது. மரத்தில் கட்டிய தகரக் குழாய் வழியாகத் தோட்டம் முழுக்க அலறியது. கிராணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொன்ன பெரியவர்களும் உண்டு. ஆக, நம் ஆட்களுக்கு வால்வு என்பது திடலில், ஊரோடு சேர்ந்து, அடுத்தவன் தயவில் கேட்ட ஒன்று. தகரக் குழாயின் ஒலியில் வெதுவெதுப்பு எல்லாம் கிடையாது. காதைக் கிழிக்கும். அதுவும் ஒரு சுகம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, தனியாகக் கேட்கும் ஹெட்போனுக்கு அதைப் பாட்டனாக்க முடியாது.

லயன் வீட்டுக்குள் பாட்டைக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவின் விலை ஏறக்குறைய 50 டாலர். அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனிக்காரர்கள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலை இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தோட்டக் கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. சூடாக்க இழை இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை, டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியே போதும். ஜெனரேட்டர் நின்ற பிறகும் பாடும். தலையணைக்குப் பக்கத்தில் வைக்கலாம், மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போகலாம். துரை, கிராணி, அரசாங்கம் என்று யாருடைய தயவும் இல்லாமல் ஒரு தொழிலாளி தனக்குப் பிடித்த பாட்டைத் தன் வீட்டில் கேட்டது அன்றுதான். பாட்டுக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வரிசையாக வாசிக்கும்போது, தோட்டத்தின் பெயரோடு தன் பெயர் வருகிறதா என்று காத்திருந்ததும் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான்.

தோட்டத்து ஒலி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். தகர டப்பா மாதிரி, அடித்தொனி இல்லாமல், கொஞ்சம் கரகரப்போடு. அழகாக இருக்காது. ஆனால் நம்முடையது.

சுங்கைப்பட்டாணியில் ரேடியோ பழுது பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் வால்வு ஆம்ப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு பார்த்தார். “வால்வுன்னா பல்பு மாதிரிதான் தம்பி. எரியும், ஒருநாள் போயிரும். போனா மாத்தணும். பின்னால கை வச்சா தூக்கி அடிக்கும். நாங்கல்லாம் டிரான்சிஸ்டர் வந்தப்போ விட்டதுடா சனியன்னு இருந்தோம் லா. இத இப்போ எதுக்குக் காசு குடுத்து வாங்குறாங்க?” என்றார். வெளிச்சத்துக்கு என்றேன். “அப்போ மெழுகுவத்தி வாங்கலாமே” என்றார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளுக்கு ‘எட்டு சாமுராய்கள்’ என்று பட்டப்பெயர். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே போட்ட முதல் தொழிற்சாலை அங்கேதான். எட்டில் ஒன்றான கிளாரியன் கார் ரேடியோ செய்யும் ஜப்பான் கம்பெனி. பிறகு பிறை, சுங்கைப்பட்டாணி என்று தொழிற்பேட்டைகள் பரவின. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. இன்றைக்கு அங்கே சிப்புக்கான சிலிக்கான் வில்லைகளே தயாராகின்றன. இந்தக் கம்பெனிகளுக்கு ஆள் எங்கிருந்து போனது? விடியுமுன் தோட்டத்துச் சாலை முனையில் வந்து நிற்கும் பேக்டரி பஸ்ஸில் ஏறிய பெண்களில் நம் அக்காக்களும் அத்தைகளும் இருந்தார்கள். அம்மா பால்வாளி தூக்கினாள், மகள் நீல அங்கி போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து மயிரிழைக் கம்பியை ஒட்டினாள். கண் பார்வை மங்கும்வரை ஒட்டினாள். 1985இல் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக பட்டர்வொர்த்தில் பெரி பிடிக்க வேண்டும். அதற்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஐம்பது அறுபது வெள்ளிக்குக் கைபேசியில் செருகும் ஒரு சின்ன டோங்கிள் கிடைக்கிறது. அதன் வயரில், நகக்கண் அளவுக்கு ஒரு சிப். பெருக்கியும் அதற்குள்ளேயே இருக்கிறது. எந்த வானொலி நிலையத்தின் வால்வுப் பெட்டியும் நெருங்க முடியாத சுத்தத்தோடு அது ஒலி கொடுக்கிறது. இப்படி ஒன்று இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் பினாங்கிலும் கெடாவிலும் குனிந்த முதுகுகள் இருக்கின்றன. அதைப் படம் எடுத்துப் போட்டு ‘எங்கள் அத்தை காலத்து ஒலி’ என்று ஒருவர்கூட எழுதவில்லை. வெளிச்சம் வராத பொருளுக்குக் கவிதை வருவதில்லை போலிருக்கிறது.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றும் பார்ப்போம். மலிவு வகைகளில் பெரும்பாலானவை கலப்பினம். முன்னால் ஒரு குழல், பின்னால் டிரான்சிஸ்டரோ சிப்போ. ஹெட்போனைத் தள்ளுகிற பாரத்தைத் தூக்குவது பின்னால் இருப்பது. எக்ஸ்டூ எம்டி-602 என்ற, நம் பையன்கள் அதிகம் வாங்கும் பெட்டியில் இரண்டு 6ஜே1 குழல்கள், அவற்றுக்குப் பின்னால் டிரான்சிஸ்டர்கள். கம்பெனிக்காரன் அதை மறைக்கவில்லை, சொல்லித்தான் விற்கிறான். வாங்குகிறவர்தான் படிப்பதில்லை. 6ஜே1 என்பது அமெரிக்காவின் 6ஏகே5 வகைக் குழலுக்கு இணையான சீனக் குழல். பாட்டுக்காகப் பிறந்ததல்ல, உயர் அதிர்வெண் அலைகளைப் பெருக்கும் கருவிகளுக்காகப் பிறந்தது. அது ஒழுங்காக வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பல சின்னப் பெட்டிகள் அதில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுக்கின்றன. பட்டினி போட்ட குழல், பேருக்கு இருக்கிறது. இதைவிடப் பெரிய வேடிக்கை வெளிச்சம். இந்தச் சின்னக் குழல்களின் இழை உள்ளே ஒளிந்திருக்கும், மங்கலாகத்தான் தெரியும். படத்தில் வருகிற அந்த ஆரஞ்சு? பல மலிவுப் பெட்டிகளில் குழலுக்கு அடியில் ஒரு எல்இடி விளக்கை வைத்திருக்கிறார்கள். அதாவது, வால்வை ஒழித்துக்கட்டிய அதே குறைக்கடத்தித் தொழிலின் பிள்ளை வால்வுக்கு மேக்கப் போட்டுவிடுகிறது.

வெதுவெதுப்பு என்கிறார்களே, அது முழுப் பொய் இல்லை. வால்வு ஆம்ப் வரும் ஒலியோடு கொஞ்சம் தன் சரக்கையும் சேர்க்கும். முக்கியமாக இரண்டாம் ஹார்மோனிக். கீழ் சட்ஜம் ஒலித்தால் கூடவே மேல் சட்ஜத்தையும் மெல்ல ஒலிக்கும். சுருதிக்குப் பொருந்துவதால் காதுக்கு இதமாக, கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருக்கும். தாராளமாக ரசிக்கலாம். ஆனால் அது பாட்டில் இல்லை, பெட்டி போட்டது. 1992இல் சிந்தசைசரும் கணினியுமாக வந்து இறங்கிய ‘ரோஜா’ பாடல்களை வால்வில் கேட்டு ‘இதுதான் அசல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எந்த அசல்? அந்தப் பாடல்களின் பளிச்சென்ற கூர்மைதான் அன்றைக்கு நம்மை உலுக்கியது. அதன்மேல் வெண்ணெய் தடவிவிட்டு அசல் என்கிறார். போதாக்குறைக்கு அவர் கேட்பது யாரோ கேசட்டிலிருந்து இறக்கி யூடியூபில் ஏற்றியது. மூலத்திலேயே பாதி போய்விட்டது. முதலில் நல்ல பதிவைத் தேடுங்கள். அதற்கு 400 வெள்ளி ஆகாது.

எதிர்வாதத்தில் பலமான ஒன்று இருக்கிறது. “அண்ணே, எனக்குப் பிடிச்சிருக்கு. காது என்னுது. திரிபா இருந்தா என்ன?” நியாயம். உணவில் அஜினோமோட்டோ போடுகிறவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் பிடித்திருப்பது ஒலியா, வெளிச்சமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கருவியிலும் ஒரே பாட்டு. மல்டிமீட்டரை வைத்து இரண்டின் வெளியீட்டு வோல்ட்டையும் சமமாக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடினாலும் அதுதான் நல்ல ஒலி என்று காது ஏமாந்துவிடும். பெட்டிகளைத் துணியால் மூடி, இன்னொருவர் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். பத்து முறை கேட்டு, எது எது என்று எழுதுங்கள். இந்தச் சவாலை மூன்று நண்பர்களிடம் வைத்தேன். ஒருவர் மல்டிமீட்டர் இல்லை என்றார். நான் தருகிறேன் என்றேன், பதில் இல்லை. ஒருவர் நேரமில்லை என்றார். மூன்றாமவர் கவிஞர். இசையை அப்படிக் கேட்கக் கூடாது என்றார்.

அந்தக் கவிஞரின் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. நம் தோட்டத்து எழுத்தில் ஒரு பகுதி இப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது. பனி, மங்கு, கோயில் மணி, பாட்டியின் சுருக்குப்பை, மஞ்சள் வெளிச்சம். எல்லாமே மேல் சட்ஜம். கட்டிப்பாலின் நாற்றம் அதில் வராது. சம்பளத்தன்றைக்குக் கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண்கள் வரமாட்டார்கள். தோட்டம் விற்கப்பட்டு, செம்பனையும் தாமானும் வந்து, இழப்பீட்டுக்காக நீதிமன்றத்துக்கு அலைந்தவர் வரமாட்டார். தோட்டத்தில் பிறக்காதவர்கள் தோட்டத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது முட்டாள்தனமான பேச்சு. பிறக்காதவனுக்குத்தான் விசாரிக்கும் வேலை கூடுதலாக இருக்கிறது. தாத்தா வீட்டில் ரேடியோ இருந்ததா, இருந்தால் என்ன ரேடியோ, எந்த ஆண்டு வாங்கினார், யாரிடம் கடன் வாங்கினார் என்று பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்காமல் ‘வெதுவெதுப்பு’ என்று எழுதிவிட்டுப் போவது பங்களாவின் நினைவைக் கடன் வாங்கி லயத்தின் பெயரில் வரவு வைப்பது.

அதுவும் யாருடைய காசில்? 2025 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 400 வெள்ளி என்பது அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வடக்கு ரொடீசியாக்காரன் பேட்டரிக்குக் கொடுத்த விகிதம் ஞாபகம் வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், எனக்கு வால்வு ஆம்ப் வேண்டும் என்று நிற்பவர்கள் இருப்பார்கள். வால்வோடு எனக்குப் பகை இல்லை. ஒழுங்காகச் செய்த வால்வு ஆம்பில் பொருத்தமான ஹெட்போனை மாட்டிக் கேட்பது நல்ல அனுபவம்தான். அவர்களுக்காகக் கொஞ்சம்.

உங்கள் ஹெட்போனின் ஓம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இங்கே பையன்கள் வைத்திருப்பதில் முக்கால்வாசி 16லிருந்து 40 ஓமுக்குள். அதற்கு வால்வு ஆம்ப் தேவையே இல்லை, சில வகை கெடுதலும்கூட. வெளியீட்டு மின்மாற்றி இல்லாத, ஓடிஎல் என்கிற வகை வால்வு ஆம்புகளுக்கு வெளியீட்டு மின்மறுப்பு அதிகம், பல பத்து ஓம் வரும். ஆம்பின் ஓம் ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. காதுக்குள் செருகும் பலமுனை இயர்போன்களில் சிலவற்றின் மின்மறுப்பு ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொரு சுருதியில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். அதை 50 ஓம் ஆம்பில் செருகினால் இரண்டு இடத்துக்கும் ஒலியளவில் 10 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். பாடகர் ஓரிடத்தில் கிணற்றுக்குள் இருப்பார், ஓரிடத்தில் காதுக்குள் கத்துவார். இதையும் ‘வால்வின் குணம்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

300 ஓம் சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650, 250 அல்லது 600 ஓம் பேயர்டைனமிக் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் ஓடிஎல் பொருந்தும். அப்போதும் ‘சக்தி போதாது’ என்ற பயம் வேண்டாம். எச்டி 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும். 85 டெசிபலே பலருக்குச் சத்தமாக இருக்கும். அதற்கு ஒரு மில்லிவாட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவாகிறது. 100 டெசிபலில் தினம் கால்மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது போய்விடும். பல டோங்கிள்கள் 1 வோல்ட் தருகின்றன. டார்க்வாய்ஸ் 336எஸ்இ போன்ற ஓடிஎல் ஆம்பில் இருக்கும் இரண்டு குழல்களின் இழை சூடாவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 வாட் போகிறது. உங்கள் காதுக்கு வந்து சேர்வது அந்த இருபதில் ஒரு பங்கு மில்லிவாட். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் இருக்கும் அறைக்கு இதை வாங்குமுன் யோசியுங்கள். அந்த மாதிரிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, அணைத்த பிறகும் மின்தேக்கியில் கொஞ்ச நேரம் தங்கும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். இணையத்தில் வாங்கினால் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 110 வோல்ட் பெட்டியை நம் வீட்டுச் சுவரில் செருகினால் ஆரஞ்சுக்குப் பதிலாகப் புகை வரும்.

குழலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். ஐம்பதுகளில் செய்து பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தது என்று சொல்லி, ஒரு குழலுக்கு ஆம்பின் விலையையே கேட்பார்கள். கூட வந்த குழல் ஒலித்தால் அதுவே போதும்.

பழையது வாங்குவதுதான் மலிவு. கூலிமிலோ பட்டர்வொர்த்திலோ விற்பவர் வீட்டுக்கு நேரில் போங்கள், உங்கள் ஹெட்போனைக் கையில் கொண்டுபோங்கள். கால்மணி நேரம் சூடாக விடச் சொல்லுங்கள். பாட்டைப் போடாமல், சத்தக் குமிழை முக்கால் பங்கு திருகி, காதில் மாட்டிக் கேளுங்கள். உம்ம்ம் என்று இழுத்தால் வேண்டாம். பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் குழலை மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். லேசாக ஏதாவது கேட்டால் பரவாயில்லை. கோயில் மணி மாதிரி டிங் என்று அடித்து நெடுநேரம் நின்றால் குழலின் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். விற்பவர் அதையும் வால்வின் குணம் என்பார். நூறு வெள்ளி குறைக்கச் சொல்லிப் பாருங்கள், குறைக்கவில்லையென்றால் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.